சர்ரே வைசாகி ஊர்வலம்: வயிற்றைத் தயார் செய்வது முதல் வீடு திரும்புவது வரை

கனடாவின் மேற்குக் கரையில், வான்கூவரை ஒட்டிய சர்ரே நகரில், ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் தெருத் தெருவாக அடுப்பு எரிகிறது. சீக்கியர்களின் வைசாகித் திருநாளை ஒட்டி நடக்கும் கால்சா தின வைசாகி ஊர்வலம் என்று அதற்குப் பெயர். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் வருவதாக ஏற்பாட்டாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள். வந்தவர் அத்தனை பேருக்கும் சாப்பாடு உண்டு. டிக்கெட், டோக்கன், பதிவு எதுவும் கிடையாது. நீங்கள் யார், எந்த மதம், எதற்கு வந்தீர்கள் என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

இலவசச் சாப்பாடு என்றதும் நம்மவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவதுண்டு. ஒரு கட்சி, சும்மா வாங்கிச் சாப்பிடக் கூசி ஒரு டீயோடு திரும்பிவிடும். மற்றது, முதல் பந்தலிலேயே தட்டை மலையாகக் குவித்துக்கொண்டு பாதியைக் குப்பைத்தொட்டியில் கொட்டிவிடும். இரண்டு கட்சிக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

போவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டியது

1699-ஆம் ஆண்டு வைசாகி நாளில், பஞ்சாபின் ஆனந்தபூர் சாஹிப்பில், சீக்கியர்களின் பத்தாவது குருவான குரு கோவிந்த் சிங், கால்சா என்ற சீக்கிய அமைப்பை நிறுவினார். உருவிய வாளுடன் நின்று தலையைக் கொடுப்பவர் யார் என்று அவர் கேட்க, ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேர் எழுந்தார்கள். பஞ்ச் பியாரே எனப்படும் அந்த ஐவரும் ஐந்து திசையைச் சேர்ந்தவர்கள். அவர்களில் சாஹிப் சிங் கர்நாடகத்துப் பீதரில் பிறந்தவர். ஊர்வலத்தின் முன்னால் வாளேந்தி நடக்கும் ஐவர் இவர்களைத்தான் நினைவுபடுத்துகிறார்கள்.

வைசாகி, சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் நாள். அதே நாள்தான் நமக்குச் சித்திரை முதல் தேதி. ஆகவே கனடாத் தமிழர் வீடுகளில் புத்தாண்டுப் பாயசம் முடிந்த சூட்டோடு இந்த அழைப்பு வருகிறது.

சாப்பாட்டின் பின்னணி இன்னும் பழையது. சாதி பார்க்காமல் எல்லோரும் ஒரே வரிசையில் தரையில் அமர்ந்து உண்ணும் லங்கரை முதல் குருவான குரு நானக் தொடங்கிவைத்தார். இரண்டாவது குரு அங்கதின் மனைவி மாதா கீவி அந்தச் சமையலறையைக் கட்டி ஆண்டார். அவர் பரிமாறிய நெய் மணக்கும் பாயசத்தைச் சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாஹிப்பே புகழ்கிறது. மூன்றாவது குரு அமர்தாஸ், தம்மைப் பார்க்க வருபவர் முதலில் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பேச்சு பிறகுதான் என்று விதி வைத்தார். அக்பரும் அப்படி உட்கார்ந்தே உண்டார் என்பது சீக்கிய மரபு. சர்ரே தெருவில் உங்கள் கையில் திணிக்கப்படும் சமோசாவுக்கு இவ்வளவு நீண்ட வரலாறு இருக்கிறது. நிறுவனங்கள் தங்கள் பெயர்ப்பலகையோடு பந்தல் போடுவதைப் பார்த்து, விளம்பரத்துக்காக வீசும் சாப்பாடு என்று எடைபோட்டுவிடாதீர்கள்.

தேதியையும் வழியையும் குறித்துக்கொள்ளுங்கள்

வைசாகி ஏப்ரல் 13 அல்லது 14-இல் வரும். சர்ரே ஊர்வலம் அதை அடுத்து வரும் சனிக்கிழமைகளில் ஒன்றில் நடக்கும். 2024-இல் ஏப்ரல் 20, 2025-இல் ஏப்ரல் 19. வான்கூவர் நகரின் ஊர்வலம் அதற்கு ஒரு வாரம் முந்துவது வழக்கம் என்பதால், வயிறு இடம்கொடுப்பவர்கள் இரண்டுக்கும் போகலாம். கொரோனாவால் 2020 முதல் மூன்று ஆண்டுகள் நின்றுபோன சர்ரே ஊர்வலம் 2023-இல் மீண்டும் தொடங்கியது. ஒவ்வோர் ஆண்டும் தேதியை அறிவிப்பது தஸ்மேஷ் தர்பார் என்ற குருத்வாரா, அதாவது சீக்கியர் கோயில். ஊர்வலம் புறப்படுவதும் வந்து சேர்வதும் அங்கேதான்.

சர்ரேயில் வழி கண்டுபிடிப்பது எளிது. தெருக்கள் வடக்குத் தெற்காகவும் அவென்யூக்கள் கிழக்கு மேற்காகவும் ஓடுகின்றன, எல்லாவற்றுக்கும் எண்தான் பெயர். ஊர்வலம் 85-ஆவது அவென்யூவில் 128-ஆவது தெருவுக்கு அருகே கிளம்பி, மேற்கே 124-ஆவது தெருவுக்குப் போய், தெற்கே இறங்கி, 76-ஆவது அவென்யூவை ஒட்டிக் கிழக்கே திரும்பி, 128-ஆவது தெரு வழியாக மேலேறித் தொடங்கிய இடத்துக்கு வரும். ஒரு சுற்று ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர். இந்தச் சதுரத்தை மனதில் வரைந்துகொண்டால் போதும், கூட்டத்தில் தொலைய மாட்டீர்கள்.

காரை வீட்டில் விடுங்கள்

சாலைகள் காலையிலேயே அடைக்கப்பட்டுவிடும். 128-ஆவது தெருவில் ஓடும் பஸ் உட்படப் பல பஸ்கள் அன்று தடம் மாறும். சதுரத்துக்கு வெளியே ஓடும் வண்டியைப் பிடிப்பதே புத்திசாலித்தனம். ஸ்கைட்ரெயின் என்னும் நகர ரயிலில் போய் ஸ்காட் ரோடு நிலையத்தில் இறங்கி ஆர்6 என்ற விரைவு பஸ்ஸில் ஏறினால், அது 120-ஆவது தெருவான ஸ்காட் சாலையில் தெற்கே போகும். 80-ஆவது அவென்யூ பக்கம் இறங்கிக் கிழக்கே நடந்தால் ஒரு கிலோமீட்டருக்குள் ஊர்வலப் பாதை. அன்றைய போக்குவரத்து மாற்றங்களை முந்தைய நாளே அங்குள்ள போக்குவரத்து நிறுவனமான டிரான்ஸ்லிங்கின் அறிவிப்பில் பார்த்துவிடுங்கள்.

கார் இல்லாமல் முடியாது என்பவர்கள், ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் நிறுத்திவிட்டு நடக்க மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். குடியிருப்புத் தெருக்களில் அடுத்தவர் வீட்டு வாசலை மறித்து நிறுத்துவது அன்றைக்கும் குற்றம்தான். அபராதச் சீட்டோடு சேர்த்துக் கணக்குப் போட்டால், அதுவரை தின்ற ஜிலேபிகள் இலவசமாக இராது.

பையில் என்ன வேண்டும்

ஏப்ரலில் அங்கே பத்துப் பன்னிரண்டு டிகிரி குளிர், எப்போது வேண்டுமானாலும் மழை. குடையைவிட மழைச்சட்டை மேல். கூட்டத்தில் குடைக்கம்பி பக்கத்தில் இருப்பவர் கண்ணைக் குத்தும், குடை பிடித்த கையில் தட்டும் பிடிக்க முடியாது. நடக்கத் தோதான, சட்டென்று கழற்றிப் போடக்கூடிய காலணி அணியுங்கள். தலையை மூட ஒரு கைக்குட்டையோ துப்பட்டாவோ வேண்டும். தண்ணீர்ப் பாட்டில், ஈரத்துணி, சொந்தமாக ஒரு ஸ்பூன், மூடியுள்ள ஒரு சிறு டப்பா இருந்தால் போதும். டப்பா எதற்கு என்பது பின்னால் தெரியும். சிகரெட், மதுவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். புகையிலை சீக்கியர்களுக்கு அறவே ஆகாதது.

காலைச் சாப்பாட்டை முழுதாகத் தவிர்க்க வேண்டாம். காலிவயிற்றில் போய் முதல் வாயாக எண்ணெய்ப் பலகாரத்தைத் தின்றால் பதினோரு மணிக்கே நெஞ்சு கரிக்கும். ஒரு வாழைப்பழம், ஒரு டம்ளர் பால் போதும்.

குருத்வாராவில் தொடங்குங்கள்

எட்டரை மணிக்குள் போய்ச் சேர முடிந்தால் முதலில் குருத்வாராவுக்குள் செல்லுங்கள். பலர் நேரே தெருப்பந்தல்களுக்குப் போய்விடுகிறார்கள். விழாவின் சமையல் எங்கிருந்து பிறந்தது என்பதைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

வாசலில் காலணியைக் கழற்றி, தலையை மூடி, கையைக் கழுவிவிட்டு உள்ளே போகலாம். துணி கொண்டுவராதவர்களுக்கு அங்கேயே முக்காட்டுத் துணி வைத்திருப்பார்கள். பிரார்த்தனைக் கூடத்தில் தரையில் அமரும்போது குரு கிரந்த சாஹிப் இருக்கும் பக்கம் காலை நீட்டக் கூடாது. வணங்குவதும் வணங்காததும் உங்கள் விருப்பம். கடா பிரசாதம் தரும்போது உட்கார்ந்தபடியே இரண்டு கையையும் குவித்து ஏந்துங்கள். கோதுமை மாவு, நெய், சர்க்கரை மூன்றும் சம அளவில் சேர்த்துக் கிளறிய அந்த அல்வா, உள்ளங்கையில் வைத்தவுடன் சூடு உறைக்கும். வாயில் போட்ட பிறகு விரலில் மிஞ்சும் நெய்யைத் துடைக்கத் துணி தேடாதீர்கள். அங்கே எல்லோரும் இரு கைகளையும் தேய்த்துக்கொள்வார்கள், அவ்வளவுதான். நெய் வேண்டாதவர்கள் கொஞ்சமாகக் கேட்டுப் பெறலாம். வாங்கிய பிறகு கீழே வைப்பதோ எறிவதோ கூடாது.

லங்கர் கூடத்தில் இடம் கிடைத்தால் பத்து நிமிடம் உட்காருங்கள். பருப்பு, காய், ரொட்டி என எளிய சாப்பாடு. ரொட்டியை இரண்டு கையாலும் வாங்க வேண்டும். ஒரு கையை நீட்டினால் பரிமாறுபவர் இன்னொரு கைக்காகக் காத்து நிற்பார். இங்கே கால் வயிறுக்கு மேல் வேண்டாம், வெளியே நாள் முழுக்கக் கிடக்கிறது.

ஊர்வலம் வரும்போது

காலை ஒன்பது, ஒன்பதரை வாக்கில் நகர் கீர்த்தனம், அதாவது பாடிக்கொண்டே போகும் இந்த ஊர்வலம், புறப்படும். முன்னால் சிலர் வெறுங்காலோடு சாலையைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துக்கொண்டு போவார்கள். அடுத்துப் பஞ்ச் பியாரே, அதன் பின் பூவால் அலங்கரித்த ஊர்தியில் குரு கிரந்த சாஹிப். 1708 முதல் சீக்கியர்களுக்கு என்றென்றைக்குமான குரு இந்த நூல்தான். அந்த ஊர்தி கடக்கும்போது தலையை மூடி நில்லுங்கள். வாயில் பக்கோடாவோடு முன்னால் ஓடிப்போய்ப் படமெடுப்பதை யாரும் திட்ட மாட்டார்கள், முகம் சுளிப்பார்கள். ஊர்திக்கும் ஐவருக்கும் நடுவில் குறுக்கே கடக்கவே கூடாது.

பின்னால் வருவதெல்லாம் கொண்டாட்டம். பள்ளிப் பிள்ளைகள் பாடிக்கொண்டு வருவார்கள். கத்கா என்னும் சீக்கியப் போர்க்கலை விளையாட்டில் பன்னிரண்டு வயதுச் சிறுமி வாள் சுழற்றுவதை அருகில் நின்று பார்க்கலாம், கயிறு கட்டிய எல்லைக்கு இப்பால் நின்று. தலைப்பாகையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுவோர் அணிவகுப்பும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் 1999 முதல் தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு ஹெல்மெட் விலக்கு இருக்கிறது. யாரோ உரக்க “போலே சோ நிஹால்” என்றால், கூட்டம் “சத் ஸ்ரீ அகால்” என்று முழங்கும். நீங்களும் சேர்ந்துகொள்ளலாம்.

தேர்தல் வந்தாலும் வராவிட்டாலும் அரசியல்வாதிகள் வருவார்கள். 1984-இல் சீக்கியர்கள் கொல்லப்பட்டதை நினைவூட்டும் படங்களையும், தனிநாடு கோரும் காலிஸ்தான் கொடிகளையும் சில வண்டிகளில் காண்பீர்கள். கூடியிருப்பவர்களுக்குள்ளேயே அதைப் பற்றி ஒருமித்த கருத்து கிடையாது. கையில் தட்டு வைத்துக்கொண்டு அந்த வாதத்தில் இறங்குவது விருந்தாளியின் வேலையில்லை.

இனி சாப்பாடு

ஊர்வலம் தலைகாட்டியதும் 124-ஆவது தெருவுக்கு நகர்ந்துவிடுங்கள். அது பெரும்பாலும் வீடுகள் உள்ள தெரு. வாசலில் மேசை போட்டு, குடும்பமே நின்று கொடுக்கும் பந்தல்கள் அங்கே. 128-ஆவது தெருவில், குறிப்பாகப் பாயல் வணிக வளாகத்தைச் சுற்றி, கடைகளும் நிறுவனங்களும் பெரிய கொட்டகைகள் போடும். வகைகள் அங்கே அதிகம், நெரிசலும் அதிகம். பதினொன்றரை முதல் இரண்டு மணி வரை அந்தப் பக்கம் நகரவே முடியாது. என் யோசனை: முற்பகலில் வீட்டுப் பந்தல்கள், இரண்டு மணிக்குப் பிறகு பெரிய பந்தல்கள்.

எதைத் தேடிப் போக வேண்டும்? முதலிடம் மக்காச்சோள ரொட்டிக்கும் சர்சோன் சாகுக்கும். கடுகுக்கீரையை மணிக்கணக்கில் வேகவைத்து மசித்து, மேலே வெண்ணெய் போட்டுத் தருவார்கள். உணவகத்தில் காசு கொடுத்து வாங்கும் சாகில் பாதிக்குமேல் பாலாடை. இங்கே பாட்டிமார் மேற்பார்வையில் வெந்தது கீரையாகவே ருசிக்கும். ரொட்டி ஆறினால் விறைத்துவிடும், நின்ற இடத்திலேயே தின்றுவிடுங்கள்.

அடுத்து கடி சாவல். கெட்டியான மோர்க்குழம்பில் கடலைமாவைக் கரைத்து, தேங்காய்க்குப் பதிலாகப் பக்கோடாவை ஊறப்போட்டதுபோல் இருக்கும். சோற்றோடு தருவதால் நம் நாக்குக்கு உடனே பிடித்துப்போகும். ராஜ்மா சாவலும் அப்படித்தான். சோலே பட்டூரா நன்றாக இருக்கும், ஆனால் ஒரு பட்டூரா அரை வயிற்றை அடைத்துவிடும். இரண்டு பேர் பங்கிட்டுக்கொள்ளுங்கள்.

ஜிலேபிப் பந்தலில் மட்டும் ஐந்து நிமிடம் வேடிக்கை பாருங்கள். அகன்ற வாணலியில் எண்ணெய் காய, துளையிட்ட துணியில் மாவைப் பிழிந்து ஒரே மூச்சில் வாணலி நிறையச் சுற்றுவார் ஒருவர். அடுத்தவர் நீண்ட கம்பியால் திருப்புவார். மூன்றாமவர் பாகில் அமுக்கி எடுத்து நேரே உங்கள் காகிதத் தட்டில் போடுவார். கடித்ததும் ஓடு நொறுங்கி உள்ளிருக்கும் சூடான பாகு நாக்கைச் சுடும். அந்தச் சூட்டுக்காகத்தான் அங்கே நிற்பது. ஏற்கெனவே அடுக்கி வைத்திருக்கும் ஜிலேபியைத் தொடாதீர்கள், அது எந்தக் கடையிலும் கிடைக்கும்.

பனீர் பக்கோடா, சமோசா, பானி பூரி, மாம்பழ லஸ்ஸி, கரும்புச்சாறு எல்லாம் இருக்கும். பீட்சாவும் உருளைக்கிழங்கு வறுவலும் நூடுல்ஸும் ஐஸ்கிரீமும்கூட இருக்கும். பீட்சாவுக்கு நிற்கும் வரிசை ஏன் அவ்வளவு நீளம் என்பது எனக்குப் பிடிபடாத மர்மம். பிள்ளைகளோடு வருபவர்களை மன்னித்துவிடலாம். டீயைத் தவறவிடாதீர்கள். பெரிய பாத்திரத்தில் பாலோடு சோம்பும் ஏலக்காயும் கொதித்துக்கொண்டே இருக்கும், குளிரில் தொண்டைக்கு இதம். சர்க்கரை தாராளமாக இருக்கும்.

வாங்கும் முறை

ஒரு பந்தலில் ஒரு பண்டம், இருவருக்கு ஒரு தட்டு. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் மாலைவரை தாக்குப்பிடிக்கலாம். வாங்கியதும் உடனே நகர்ந்து, பின்னால் வருபவருக்கு இடம் விடுங்கள். நடைபாதை ஓரத்தில் நின்று முடித்துவிட்டு, தட்டை அதற்கான தொட்டியில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மிச்சம் வைப்பதைத்தான் லங்கர் மரபு பொறுக்காது.

வற்புறுத்தலுக்குத் தயாராக இருங்கள். பஞ்சாபிகளின் “ஹோர் லவோ ஜி” நம் ஊர்ப் பெரியம்மாக்களின் “இன்னும் கொஞ்சம்” அளவுக்கே பலமானது. வாங்கும்போதே “தோடா ஜிஹா” என்றால் கொஞ்சமாகப் போடுவார்கள். போதுமென்றால் கைகூப்பி “பஸ் ஜி” சொல்லுங்கள், இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கும். ஆண்களை “வீர்ஜி” என்றும் பெண்களை “பைன்ஜி” என்றும் வயதானவர்களை “பாபாஜி”, “பீபிஜி” என்றும் அழைக்கலாம். சிறு பிள்ளைகள் தண்ணீர்ப் பாட்டிலையோ ஜூஸ் பெட்டியையோ நீட்டினால், தாகம் இல்லாவிட்டாலும் வாங்கிக்கொள்ளுங்கள். அது பின்னால் உதவும், அந்தப் பிள்ளையின் முகமும் மலரும்.

பணம் நீட்டாதீர்கள். மறுப்பார்கள், சிலருக்கு வருத்தமாகவும் இருக்கும். கொடுத்தே ஆக வேண்டும் என்று கை துடித்தால் குருத்வாராவின் உண்டியலில் போடலாம். அதைவிட நல்லது, வேறொரு நாள் போய் லங்கர் கூடத்தில் பாத்திரம் கழுவுவது. நீங்கள் யாரென்று கேட்காமலே ஒரு தொட்டியின் முன் இடம் ஒதுக்கிக் கொடுப்பார்கள்.

வயிற்றுக்கு ஒத்துவராதவை

லங்கர் மரபில் இறைச்சி, மீன், முட்டை கிடையாது. ஆனால் பால், நெய், கோதுமை எங்கும் உண்டு. பால் சேர்க்காதவர்கள் சோலே, ராஜ்மா, உருளைக்கிழங்கு சமோசா பக்கம் போகலாம், நெய் ஊற்றியதா என்று கேட்டுக்கொண்டு. வேர்க்கடலை, முந்திரி ஒவ்வாமை உள்ளவர்கள் இனிப்புகளில் எச்சரிக்கையாக இருங்கள். ஒரே கரண்டி பல பாத்திரங்களுக்குள் போகும், பண்டத்தின் மீது பட்டியல் எதுவும் ஒட்டியிருக்காது. கடும் ஒவ்வாமை என்றால் மருந்து பையில் இருக்கட்டும், அல்லது பழத்தோடும் பெட்டி ஜூஸோடும் நிறுத்திக்கொள்ளுங்கள். மற்றவர்களுக்கும் சொல்வேன்: கண்முன் அடுப்பிலிருந்து இறங்குவதைச் சாப்பிடுங்கள், வெகுநேரமாகத் திறந்து கிடக்கும் தயிர்ப் பண்டங்களை விட்டுவிடுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு லஸ்ஸியும் டீயும் ஜிலேபியும் ஒரே நாளில் வேண்டாம், எது என்று தேர்ந்துகொள்ளுங்கள்.

பிள்ளைகள், பெரியவர்கள்

தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நண்பகலில் 128-ஆவது தெருவுக்குள் போகாதீர்கள். காலை பத்து மணிவரை 124-ஆவது தெருவில் தாராளமாகப் போகலாம். கைபேசிச் சேவை நெரிசலில் திணறும் என்பதால், பிரிந்தால் எங்கே சேர்வது என்பதை முன்பே பேசிவையுங்கள். தெரு எண்ணும் அவென்யூ எண்ணும் சேர்ந்த ஒரு முனை போதும். பிள்ளையின் சட்டைப்பையில் உங்கள் எண்ணை எழுதிப் போடுங்கள். கழிப்பறை கண்ணில் பட்டால் தேவை வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

திரும்பும்போது

மூன்றரை, நான்கு மணிக்குமேல் பந்தல்கள் ஒவ்வொன்றாக அடுப்பை அணைக்கும். அப்போது மிஞ்சியதை எடுத்துப்போகச் சொல்லி அவர்களே கூப்பிடுவார்கள். டப்பாவைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். நண்பகலில் பார்சல் கேட்பது அழகில்லை, மாலையில் மறுப்பதும் அழகில்லை. பஸ்ஸுக்கு மறுபடி ஸ்காட் சாலை வரை நடந்துவிடுங்கள், தின்றதில் கொஞ்சமாவது செரிக்கும்.

சர்ரே தூரம் என்பவர்களுக்கு வேறு ஊர்களும் இருக்கின்றன. வான்கூவரில் ராஸ் தெருக் குருத்வாராவிலிருந்து கிளம்பும் ஊர்வலம் 1979-இல் தொடங்கியது; மெயின் தெருவின் பஞ்சாபி மார்க்கெட்டைத் தொட்டுப் போகும். டொரோண்டோவில் ஏப்ரல் கடைசி வாக்கில் கண்காட்சித் திடலிலிருந்து நேதன் பிலிப்ஸ் சதுக்கம் வரை நடக்கிறார்கள். ஸ்கார்பரோ தமிழர்களுக்கு அது ஒரு ரயில் பயணத் தூரம். லண்டன்காரர்களுக்கு சவுத்ஹால். கலிபோர்னியாவின் யூபா சிட்டியில் மட்டும் நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை, குரு கிரந்த சாஹிப் குருவாக அறிவிக்கப்பட்டதை ஒட்டி நடக்கிறது. அங்கே குளிர் குறைவு, வாணவேடிக்கையும் உண்டு. சென்னையில் இருப்பவர்கள் தி.நகர் ஜி.என். செட்டி சாலைக் குருத்வாராவில் லங்கர் பந்தியில் உட்கார்ந்து பழகிக்கொள்ளலாம். தெருவிழா அளவுக்கு வகைகள் இருக்காது, ரொட்டியை இரண்டு கையால் வாங்கும் வழக்கம் அங்கேயும் அதேதான்.